கண்ணாடி வேர்க்குது, மெத்தை நனையுது, ஹீட்டர் நிக்குது: மலையேறும் சென்னை கேம்பர் வேன்களுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய கேம்பர் வேனைச் சென்னையில் வைத்திருப்பவருக்கு ஈரம் என்பது வெளியிலிருந்து உள்ளே வரும் சமாச்சாரம். கதவைச் சாத்து, ஜன்னலை ஏற்று, ஏசியைப் போடு என்று கை தானாகப் போகும். அரையாண்டு லீவுக்கோ பொங்கலுக்கோ அதே வண்டியை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஓட்டிப் போய், ராத்திரி அதே பழக்கத்தில் எல்லாவற்றையும் இழுத்து மூடிப் படுத்தால், விடிகாலையில் மூக்கின் மேல் ஒரு சொட்டு விழும். அங்கே ஈரம் பிறப்பதே வண்டிக்குள்தான். மேட்டுப்பாளையம் தாண்டியதும் விதி தலைகீழாகிறது. கீழே வரும் கோளாறுகளில் பாதி, அந்த விதி மாற்றம் தெரியாமல் வருபவை.

கணக்கு எளிது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் 26 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் சாதாரணம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 20 கிராம் தண்ணீர் இருக்கும். ஊட்டியில் விடிகாலை 5 டிகிரியில், எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனிமூட்டத்திலும், ஆவியாக இருக்கிற தண்ணீர் கன மீட்டருக்கு 7 கிராமைத் தாண்டாது. அந்தப் பனிக்காற்றை உள்ளே விட்டு 18 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 45 சதவீதத்துக்கு வந்துவிடும். அதாவது மலையில் ஜன்னலைத் திறந்தால் வண்டி காயும். சென்னையில் திறந்தால் நனையும். "வெளிய ஒரே மூடுபனியா இருக்கே, திறந்தா ஈரம் உள்ள வராதா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

எதையும் கழற்றுவதற்கு முன்

இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று, சில நூறு ரூபாய்க்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பத மீட்டர். இன்னொன்று, பரப்பின் வெப்பநிலையைக் காட்டும் துப்பாக்கி. கொரோனா காலத்தில் வாங்கி வைத்த நெற்றித் துப்பாக்கி பெரும்பாலும் உடம்புச் சூட்டை மட்டுமே படிக்கும். குளிர்ந்த தகரத்தைக் காட்டினால் பிழை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். தொழிற்சாலை வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

வண்டிக்குள் 20 டிகிரி, 60 சதவீதம் என்று மீட்டர் காட்டினால், 12 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும். ஈரப்பதம் 50 சதவீதமானால் அந்த எல்லை 9 டிகிரிக்கு இறங்கிவிடும். மலை ராத்திரியில் கண்ணாடி 6, 7 டிகிரிக்குப் போகும். உள்பூச்சு, அதாவது தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே குளிரைத் தடுக்கும் அடுக்கு, நன்றாக இருந்தால் சுவர் 12, 13-இல் நிற்கும். ஆகவே 50-க்கு அருகில் வைத்திருந்தால் கண்ணாடி மட்டும் வேர்க்கும், சுவர் தப்பிக்கும். கண்ணாடி துளிகூட வேர்க்கக் கூடாது என்று அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை. கண்ணாடியைத் துடைத்துவிடலாம், சுவருக்குள் கை போகாது.

தலைவலி, குமட்டலோடு விழிப்பு வருகிறது

மற்ற அறிகுறிகளை அப்புறம் பார்க்கலாம், இதை முதலில் படியுங்கள். வண்டிக்குள் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை கனக்கிறது, வாந்தி வருகிறது, வெளியே வந்து நின்றால் தேவலை என்றால் அது மலைக் குளிரும் இல்லை, வளைவுச் சாலை மயக்கமும் இல்லை. எரிகிற பொருளிலிருந்து வரும் மணமில்லாத விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு என்றே வைத்துக்கொண்டு செயல்படுங்கள். எல்லோரும் வெளியே, கதவுகள் அகலமாகத் திறக்க வேண்டும், எரிகிற எல்லாவற்றையும் அணைக்க வேண்டும், 108. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்று திரும்பப் போய்ப் படுக்காதீர்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டியிருக்கிறதா, கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருக்கிறதா என்று சாதாரண ஆக்சிமீட்டருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் சாய்கிற நிலையிலும் அது நல்ல எண்ணையே காட்டும்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். காரணம், ஜெனரேட்டரிலிருந்து உள்ளே வந்த கார்பன் மோனாக்சைடு. அங்கே குளிரே கிடையாது, ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டர். ஆகவே இது மலைக்கு மட்டுமான ஆபத்து இல்லை. கரி அடுப்பு, கணப்புச் சட்டி, பார்பிக்யூ மிச்சத் தணல், கேஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய்வது, ஓடும் ஜெனரேட்டரை வண்டியோடு ஒட்டி வைப்பது, எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். தணல் மங்கி, புகை நின்று, பார்க்க சாதுவாக இருக்கிற கரிதான் இதில் மோசமானது.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில் மாட்டுங்கள். அந்த வாயுவின் எடை கிட்டத்தட்டக் காற்றின் எடைதான், எனவே கூரையில் மாட்டுவதால் விசேஷ லாபம் இல்லை. கேஸ் கசிவு அலாரம் வேறு. எல்பிஜி கனமானது, அது தரையோரம் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் மாட்டித் தரும் எலக்ட்ரீஷியனிடம் அன்பாகச் சண்டை போடுங்கள்.

காலையில் எல்லாக் கண்ணாடியிலும் தண்ணீர் ஓடுகிறது

முதல் கேள்வி: ராத்திரி கூரை மூடி (கூரையில் காற்றுப் போகத் திறக்கும் மூடி) திறந்திருந்ததா? இல்லையென்றால் வேறெதையும் தேட வேண்டாம். தூங்குகிற ஒரு ஆள் மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 40 மில்லி தண்ணீரை வெளியே விடுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம் என்றால் அரை லிட்டருக்கு மேல். அது எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும்.

கூரை மூடியை இரண்டு விரல் அளவு திறந்து, அதற்கு எதிர்க்கோடியில் தாழ்வாக ஒரு ஜன்னலையோ தரைத் துளையையோ ஒரு விரல் திறந்து வையுங்கள். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று நகராது. கூரை விசிறி இருந்தால் மிகக் குறைந்த வேகத்தில், காற்றை வெளியே தள்ளும் திசையில் ஓட்டுங்கள். குளிர் உள்ளே வருமே என்றால், வரும்தான். கம்பளி இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். நனைந்த கம்பளியைப் போட்டுக்கொள்ள முடியாது. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்திருக்கிறீர்களா என்று செக்போஸ்டில் கேட்கிறார்கள். கூரை மூடி திறந்திருக்கிறதா என்று கேட்க அங்கே ஆள் போட்டால் இன்னும் புண்ணியமாக இருக்கும்.

மூடி திறந்திருந்தும் வேர்க்கிறதா? அப்படியானால் முந்தின மாலை என்ன சமைத்தீர்கள் என்று யோசியுங்கள். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தண்ணீர் பிறக்கிறது. இது குக்கர் விடும் ஆவியோ ரசம் கொதிக்கும் ஆவியோ இல்லை, கேஸ் எரிவதாலேயே வரும் தண்ணீர். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரை உள்ளே கொளுத்துவது, சூட்டோடு சேர்த்துத் தண்ணீரையும் காசு கொடுத்து வாங்குவது. மூச்சு முட்டும் ஆபத்து வேறு. அது வேண்டவே வேண்டாம். சமையலைப் பொழுது சாய்வதற்குள், பக்கக் கதவு திறந்திருக்கையில் முடித்துவிடுங்கள். வெந்நீரைப் பிளாஸ்க்கில் பிடித்து வைத்தால் ராத்திரி அடுப்பு மூட்டும் வேலையும் இல்லை.

நனைந்த துண்டு, மழையில் ஊறிய ஜெர்க்கின், குழந்தை விளையாடிய ஈரக் காலுறை, இவை எதுவும் படுக்கும் இடத்தில் தொங்கக் கூடாது. காலையில் கண்ணாடியைத் துடைத்த துணியை உள்ளேயே கொடியில் போட்டு, மறுநாளும் அதே தண்ணீரைத் துடைப்பவர்கள் உண்டு. ரப்பர் வைப்பரால் வழித்து, ஒரு மக்கில் பிடித்து, வெளியே கொட்டுங்கள்.

ஜன்னலுக்கு வெட்டி ஒட்டும் வெள்ளிநிறக் குமிழ்த் தாள் நல்லதுதான். ஆனால் அதன் முதுகுப்பக்கம் கண்ணாடி இன்னும் குளிர்ந்துவிடும் என்பதால், ஓரத்தில் இடைவெளி இருந்தால் அங்கே போகும் காற்று மொத்தமும் தண்ணீராகும். நான்கு ஓரமும் இறுக்கமாக உட்கார வேண்டும். காலையில் கட்டாயம் கழற்றிக் காய வைக்க வேண்டும்.

வண்டி ஓட்டும்போது முன் கண்ணாடி மங்குகிறது

தூசிக்குப் பயந்து சென்னை ஓட்டுநர்கள் உள்காற்றுச் சுழற்சி பட்டனைப் பல வருஷமாக அமுக்கியே வைத்திருப்பார்கள். மலையில் அதை எடுத்துவிடுங்கள். வெளிக்காற்று, வெப்பக் குமிழ் சிவப்புப் பக்கம், ஏசியும் ஆன். குளிரில் ஏசியா என்று கேட்காதீர்கள். அது இங்கே காற்றைக் காய வைக்கும் வேலையைச் செய்கிறது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணாடியைக் கையால் துடைத்துக்கொண்டு ஓட்டுவது நல்லதல்ல.

கூரையிலிருந்து சொட்டுகிறது: ஒழுகலா, வேர்வையா?

இதைத் தவறாகக் கணித்து, நல்ல கூரையில் சிலிகான் பூசித் தீர்த்த வண்டிகள் ஏராளம். இட்லிப் பானை மூடியின் அடியில் நிற்கும் தண்ணீர் வெளியிலிருந்து வந்ததா என்ன?

சொட்டுகிற இடத்தைத் துடைத்துக் காய வையுங்கள். ஒரு சாண் அளவு தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். மறுநாள் காலை தாளின் உங்கள் பக்கம் நனைந்திருந்தால் அது வண்டிக்குள்ளிருக்கும் காற்றின் வேர்வை. தாளுக்கும் கூரைக்கும் நடுவில் நனைந்திருந்தால் ஈரம் பின்னாலிருந்து வருகிறது: ஒன்று ஒழுகல், அல்லது உள்பூச்சுக்குள் முன்னமே கோர்த்துக் கிடக்கும் தண்ணீர். மழையே பெய்யாத ராத்திரியில் இந்தச் சோதனையைச் செய்தால் குழப்பம் பாதியாகும்.

இன்னொரு அடையாளம் இருக்கிறது. டார்ச்சைக் கூரைக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பிளைவுட் காய்ந்திருக்க, திருகுத் தலைகளில் மட்டும் ஒரே இடைவெளியில் வரிசையாகத் துளிகள் நின்று, அவற்றைச் சுற்றி டீக்கறை நிறத்தில் ஒரு வட்டம் படிந்திருந்தால், அந்தத் திருகுகள் நேராக வெளித்தகரத்துச் சட்டத்தில் கடிக்கின்றன. இரும்பு வழியாகக் குளிர் உள்ளே வந்து திருகுத் தலையில் உட்கார்கிறது. சட்டத்தின் மேல் முதலில் ரீப்பர் கட்டையைப் பொருத்தி, பிளைவுட்டை அந்தக் கட்டையில் மட்டும் திருக வேண்டும். பிரித்துக் கட்ட முடியாதென்றால் திருகுத் தலைகளுக்கு நைலான் மூடி போடுங்கள், ஓரளவு குறையும்.

சுவரைத் தட்டினால் சொதசொதவென்கிறது, அல்லது துரு வாடை வருகிறது

இதுதான் பெரிய விஷயம், சென்னையில் கட்டிய வண்டிகளுக்கே உரிய விஷயமும்கூட.

நம் ஊர்ப் பட்டறைகள் ஏசிக் குளிர் வெளியே போய்விடக் கூடாது என்ற கணக்கில் வண்டி கட்டுகின்றன. கண்ணாடிப் பஞ்சை அடைத்து, மேலே பிளைவுட், அதன் மேல் மைக்கா. ஏசி ஓடும்போது வெளிக்காற்று வெப்பமும் ஈரமுமாக, உட்பக்கம் குளிர்ந்து இருக்கும். ஆவி வெளியிலிருந்து உள்நோக்கி நகரப் பார்க்கும். வழியில் இருக்கும் தகரம் அதைத் தடுத்துவிடும். எனவே சென்னையில் பெரிய சேதம் தெரியாது.

மலைக்குப் போனால் ஆவி உள்ளிருந்து வெளிநோக்கிப் போகிறது. பிளைவுட் இணைப்புகளிலும் ஸ்விட்ச் பெட்டித் துளைகளிலும் நுழைந்து, பஞ்சைத் தாண்டி, குளிர்ந்த தகரத்தின் உள்முகத்தில் போய்த் தண்ணீராகிறது. பஞ்சு அதைக் குடிக்கிறது, கனத்தில் கீழே தொங்குகிறது. நனைந்த பஞ்சு குளிரைத் தடுக்காது, எனவே மறுநாள் இன்னும் அதிகத் தண்ணீர். வெளிநாட்டு வீடியோ பார்த்து, உட்பக்கம் பிளாஸ்டிக் தாளை அடித்து ஆவியை மறித்தால் தீராதா? மலைக்கு ஓரளவு தீரும். பிறகு வண்டி சென்னைக்குத் திரும்பி ஏசி போட்டதும், கதவுச் சட்டத் துளைகள் வழியாகச் சுவருக்குள் புகுந்த வெளியீரம் அந்த பிளாஸ்டிக்கின் பின்முகத்தில் படியும். எந்தப் பக்கம் மறித்தாலும் ஒரு ஊருக்கு அது தப்பான பக்கம்.

எனவே ஆவி நகரவே இடம் தராத பொருள்தான் நமக்கு ஏற்றது. ஏசிக் குழாய்களுக்குச் சுற்றுகிறார்களே, கருப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட், அதில் 19 அல்லது 25 மில்லிமீட்டர் தடிமன். தகரத்தை நன்றாகத் துடைத்து, பசை தடவி, காற்றுக் குமிழ் இல்லாமல் நேராகத் தகரத்தோடு ஒட்ட வேண்டும். நடுவில் வெற்றிடம் விட்டால் வேலை வீண். சட்டங்களின் மேலும் மெல்லிய ஷீட் போக வேண்டும். கதவுகளின் அடியிலும் பக்கச் சட்டங்களிலும் கம்பெனி விட்டிருக்கும் வடிதுளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் எப்படியும் கொஞ்சம் வரும், அதற்குப் போக வழி வேண்டும்.

ஏற்கெனவே நனைந்த பஞ்சு உள்ளே இருந்தால் காய வைத்துப் பயனில்லை. பேனலைப் பிரித்து எடுத்துப் போட்டுவிட்டு, துருவைச் சுரண்டி பிரைமர் அடித்து, மறுபடி தொடங்குங்கள். சித்திரை, வைகாசி இந்த வேலைக்கு நல்ல மாதங்கள். மழைக்காலத்தில் பிரித்தால் தகரமும் காயாது, பசையும் பிடிக்காது.

மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருக்கிறது

உடம்புச் சூட்டில் கிளம்பிய ஆவி மெத்தையைத் துளைத்து இறங்கி, கீழே குளிர்ந்த பிளைவுட்டில் நிற்கிறது. பலகையில் ஒரு அங்குலத் துளைகளை அள்ளித் தெளித்த மாதிரி போடுங்கள். அல்லது பலகையையே எடுத்துவிட்டு ரீப்பர் சட்டங்களை இடைவெளி விட்டு அடியுங்கள். மேலே தேங்காய் நார் மிதியடிப் பாயை விரித்து, அதன் மேல் மெத்தை. கோரைப்பாயும் சற்று உதவும், ஆனால் நார்ப்பாய் அளவுக்குக் காற்றோட்டம் இருக்காது. காலையில் எழுந்ததும் மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துவிட்டுக் காபி போடுங்கள்.

மலைக்குப் போன முதல் ராத்திரி மட்டும் ரொம்ப நனைகிறது என்றால், அது நீங்கள் சென்னையிலிருந்து ஏற்றிவந்த தண்ணீர். வண்டிக்குள் இருக்கும் காற்றில் கால் லிட்டர் ஈரம்கூடத் தேறாது. ஆனால் மழைக்காலம் முழுக்க வளசரவாக்கத்திலோ வேளச்சேரியிலோ மூடிக் கிடந்த மெத்தை, தலையணை, பிளைவுட், போர்வை எல்லாம் ஊறியிருக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் ஏசியை ஓட்டிக் காய வையுங்கள். வழியில் சேலத்துக்கும் அவிநாசிக்கும் இடையே வெயில் அடித்தால் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது எல்லாக் கதவையும் திறந்து, மெத்தையைத் தூக்கி நிறுத்துங்கள். அந்தப் பக்கத்து மதியக் காற்று நம் கடற்கரைக் காற்றைப் போலப் பிசுபிசுக்காது.

டீசல் ஹீட்டர் புகை கக்குகிறது, அல்லது பாதியில் நின்றுவிடுகிறது

முதலில் ஒரு நம்பிக்கையைக் களைய வேண்டும். டீசல் ஹீட்டர் எரிவதற்கான காற்றை வெளியே எடுத்து, புகையையும் வெளியே விடுகிறது. அதனால் அது ஈரத்தைச் சேர்ப்பதில்லை. அவ்வளவுதான். இருக்கிற ஈரத்தை அது வெளியே எடுத்துக்கொண்டு போவதும் இல்லை. ஹீட்டர் ஓடினாலும் கூரை மூடி திறந்தே இருக்க வேண்டும்.

கிளப்பும்போது வெள்ளைப் புகை வந்து, பற்றாமல் நின்றால் டீசல் போகிறது, தீ பிடிக்கவில்லை. புகையே வரவில்லையென்றால் டீசலே போகவில்லை: மாதக்கணக்கில் சும்மா நின்ற வண்டியில் குழாயில் காற்றுக் குமிழ் இருக்கும். பம்பின் டிக் டிக் சத்தம் கேட்டும் டீசல் வந்து சேராது. குமிழ் போகும்வரை பம்பை ஓட்டிப் பாருங்கள். டீசல் வந்தும் பற்றாவிட்டால் மின்னழுத்தம். கிளம்பும்போது சூடேற்றும் பிளக் 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியில் 12.5 வோல்ட் இருக்கலாம், ஆனால் மெல்லிய ஒயரில் ஓடி ஹீட்டரைத் தொடும்போது 11 ஆகியிருக்கும். அளவை ஹீட்டர் முனையில், கிளம்புகிற அந்த நேரத்தில் எடுக்க வேண்டும். ஒயரைத் தடிமனாக மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சென்னையில் அருமையாக ஓடிய ஹீட்டர் ஊட்டியில் கருப்புப் புகை விட்டு, இரண்டாம் ராத்திரி பிழை எண் காட்டி நிற்கிறதா? ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பம்ப் அதே அளவு டீசலை ஊற்றுகிறது, எரிக்கக் காற்று போதவில்லை, மிச்சம் கரியாகிறது. புதுப்பேட்டையில் இந்த ஹீட்டர்களைப் பிரித்துப் பார்க்கும் மெக்கானிக் ஒருவர், எரியறையைத் திறந்து விரல்நுனியால் தடவிப் பார்த்துவிட்டே கேட்டார்: "என்ன சார், மலைக்குக் கொண்டு போய் சிம்ல ஓட்டினீங்களா?" உள்ளே சல்லடை தெரியாத அளவுக்கு மெத்மெத்தென்று கருப்பு அப்பியிருந்தது. "ஆமாண்ணே" என்பதைத் தவிர யாராலும் வேறு பதில் சொல்ல முடியாது. எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

கன்ட்ரோலரில் உயர அமைப்பு இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் பம்பின் துடிப்பு வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். கையேடு பார்த்துத்தான் செய்ய வேண்டும். மிகக் குறைந்த அளவில் ராத்திரி முழுக்க முனகவிடாதீர்கள். படுப்பதற்கு முன்னும் காலையிலும் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் படிந்த கரி நிறைய எரிந்து போகும். அணைக்கும்போது பட்டனால் அணைத்து, விசிறி தானாக நிற்கும்வரை காத்திருங்கள். மெயின் ஸ்விட்சைப் பிடுங்கினால் உள்ளே சூடு தங்கி, பாகங்கள் கருகும்.

புகைக்குழாயின் வாய் வண்டியின் அடிவயிற்றுக்கு வெளியே, ஜன்னலுக்கும் தாழ்வான காற்றுத் துளைக்கும் விலகி முடிய வேண்டும். வண்டிக்கு அடியிலேயே முடிந்தால் புகை தரையில் தேங்கி, தரைத் துளை வழியாக மேலே வரும். முதல் அறிகுறிக்குத் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

டீசல் உறைந்துவிடுமோ என்ற கவலை தமிழ்நாட்டுக்குத் தேவையில்லை. அது லடாக் கவலை. அங்கே தாங்குவதற்காக 2019-இல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரிவரை இளகி நிற்கும் குளிர்கால டீசலை இறக்கியது.

கேஸ் அடுப்பு மந்தமாக எரிகிறது

பியூட்டேன் கொதிப்பது மைனஸ் அரை டிகிரியில், புரொப்பேன் மைனஸ் 42-இல். சமையல் சிலிண்டரில் இரண்டும் கலந்திருப்பதால் மலையிலும் எரியும், ஆனால் சிலிண்டர் பாதி காலியானதும் சோர்ந்துவிடும். வெறும் பியூட்டேன் கேனிஸ்டர் போட்ட சின்ன அடுப்பு உறைபனி விடிகாலையில் கையை விரித்துவிடும். கேனிஸ்டரை ராத்திரி துணியில் சுற்றி வைக்கலாம். நெருப்பில் காட்டுகிற ஐடியா யாருக்கும் வரக் கூடாது. சுடர் மஞ்சளாக ஆடினால் காற்றுத் துளையில் தூசி. சுத்தம் செய்யும்வரை அந்த அடுப்பைப் பயன்படுத்தாதீர்கள்.

காலையில் பேட்டரி இறங்கிவிடுகிறது

ஈய அமில பேட்டரி உறைநிலைக்கு அருகில் தன் கொள்ளளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் குளிரில் மின்சாரம் கொடுத்துவிடும், ஆனால் பூஜ்ஜியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும். ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் ஜனவரி விடிகாலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். வண்டிக்கு அடியில் மாட்டிய லித்தியம் பேட்டரிக்குச் சூரியத் தகடு காலை ஏழு மணிக்குச் சார்ஜ் அனுப்பத் தொடங்கினால் சிக்கல். குளிரில் சார்ஜை வெட்டும் பாதுகாப்பு அதில் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். முடிந்தால் பேட்டரியைப் படுக்கைக்கு அடியில், உள்ளே வையுங்கள்.

எல்லாம் சரி, இருந்தும் குளிர்கிறது

தரையைப் பாருங்கள். சுவருக்கும் கூரைக்கும் செலவழித்துவிட்டு, தரையில் வெறும் பிளைவுட்டும் வினைலும் மட்டும் போட்டிருப்பார்கள். ஒரு ஜமக்காளம் விரித்தாலே வித்தியாசம் தெரியும். ஓட்டுநர் பகுதிக்கும் படுக்கைக்கும் நடுவே கனமான திரை போடுங்கள். மூன்று பக்கமும் கண்ணாடி இருக்கிற அந்த இடத்தைச் சூடாக்குவது மலையையே சூடாக்குவது மாதிரிதான்.

அப்புறம், காற்றைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது மலிவு. மருந்துக்கடை ரப்பர் வெந்நீர்ப் பையை உறை போட்டு, படுப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் போர்வைக்குள் விட்டுவிடுங்கள். அதன் வாய் மூடியிருப்பதால் ஈரமும் சேராது. போர்வையால் முகத்தையும் மூடித் தூங்குபவர்கள் தலைக்குக் குல்லாய் போட்டு முகத்தை வெளியே விட வேண்டும். மூச்சுவிட்ட ஈரம் முழுக்கக் கம்பளிக்குள்ளே தங்கினால் நள்ளிரவுக்கு மேல் அதுவே குளிர ஆரம்பிக்கும்.

ஊர் திரும்பிய பிறகு பூசண வாடை

ஈரத்தோடு திரும்பி, வண்டியைப் பூட்டி, மேலே தார்ப்பாயையும் போட்டுக் கட்டினால் ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கும். மலையில் காப்பாற்றிய திறந்த ஜன்னல் இங்கே உதவாது. இங்கே ஈரத்தைக் கறந்து எடுத்தாக வேண்டும்: இரண்டு, மூன்று மணி நேரம் ஏசி, அல்லது கம்ப்ரஸர் வைத்த ஈர உறிஞ்சி. மேஜை மேல் வைக்கும் சின்னப் பெல்டியர் கருவி (கம்ப்ரஸர் இல்லாத ஈர உறிஞ்சி) ஒரு நாள் முழுக்க ஓடிச் சேர்ப்பது ஒரு டம்ளர், இரண்டு டம்ளர்தான், வேனுக்குப் போதாது. அலமாரியில் வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பா சின்ன இடத்துக்கு நல்லது. அதில் சேரும் உப்புத்தண்ணீர் தரையில் சிந்தினால் தகரத்தை அரித்துவிடும், ஓடுகிற வண்டியில் வைக்காதீர்கள்.

சாம்பிராணி போடுவது, கற்பூரம் கட்டித் தொங்கவிடுவது எல்லாம் வாடையை மறைக்கும், ஈரத்தைத் தொடாது. பூசணத்தைக் காய்ந்த துணியால் தட்டினால் வித்துகள் வண்டி முழுக்கப் பறக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போடுங்கள். அதன் பிறகு பின்பக்கத்தையும் பாருங்கள்: அலமாரிப் பின்பலகை, இருக்கைக்கு அடிப்பெட்டி, ஸ்டெப்னிக்கு மேலே இருக்கும் தட்டு. வாடை அங்கேதான் இருக்கும்.

சென்னையிலேயே, ஏசி போட்டால் கண்ணாடி வேர்க்கிறது

கண்ணாடியின் வெளிப்பக்கம் வேர்த்தால் கோளாறே இல்லை. ஈசிஆரில் ராத்திரி நிற்கிற எந்த ஏசி வண்டியும் அப்படித்தான் இருக்கும். வைப்பரைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஏசி வாய்க்கு எதிரே இருக்கும் பலகை நனைந்தால் குளிர்க்காற்று நேராக அதன்மேல் அடிக்கிறது. துடுப்பைத் திருப்பி, 25, 26 டிகிரியில் வையுங்கள். உள்ளே தரை விரிப்பு நனைந்தால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கிறது. வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டிய தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டவில்லையென்றால் குழாயின் வாயில் மண்ணோ குளவிக்கூடோ இருக்கும், ஒரு கம்பியை விட்டுக் குத்தி எடுத்தால் ஓடிவிடும்.